தோற்ற நாளிடம் பாடம் கேட்பதேன்?

அமெரிக்கக் கல்லூரிகளின் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் பந்தயங்களைத் தொடர்ந்து கவனிப்போருக்கு ஒரு குறிப்பு வகை நன்கு பழகியிருக்கும். வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களும் பந்தயம் நடந்து முடிந்த பின், ஞாயிறு மாலையிலோ திங்கள் காலையிலோ அது வெளிவரும். எழுதுபவர் பத்தொன்பது அல்லது இருபது வயது மாணவர். ‘கடினமான வார இறுதி’ என்று தொடங்குவார். எத்தனையாவது இடம் கிடைத்தது என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவார். வானிலை, மெழுகு, தடுமல், விழுந்தது ஆகியவற்றைச் சாக்குப்போக்காகத் தோன்றிவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு பாதி சொல்லிப் பாதி விழுங்குவார். இறுதியில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: ‘ஆனாலும் இந்த வார இறுதி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.’

அந்த இறுதி வாக்கியம் கட்டாயமானது. அதை எழுதும்படி யாரும் ஆணையிடுவதில்லை. ஆயினும் அதை எழுதாமல் விடுவோர் அரிது. தோல்வியைத் தோல்வியாகவே சொல்லி நிறுத்திவிட்டால் அக்குறிப்பு முற்றுப்பெறாதது போலவும், எழுதியவரின் மன உறுதியில் ஏதோ குறை இருப்பது போலவும் தோன்றிவிடுகிறது. எழுத்து மரபாகத் தொடங்கிய இந்தக் கட்டாயம், காலப்போக்கில் இளம் உடல்களையும் மனங்களையும் பாதிக்கும் வழக்கமாக மாறியிருக்கிறது. ஆகவே அதைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

முதலில், அந்த வார இறுதி எத்தகையது என்பதைப் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1954ஆம் ஆண்டு நெவாடா மாநிலத்தின் ரீனோவில் முதல் பனிச்சறுக்குச் சாம்பியன் போட்டியை நடத்தியது. 1983 முதல் ஆண்களும் பெண்களும் பெறும் புள்ளிகளைச் சேர்த்து ஒரே அணிப் பட்டம் வழங்கப்படுகிறது. மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் பிரிவும், ஏற்றமும் இறக்கமும் சமவெளியும் கலந்த தடத்தில் ஓடும் நார்டிக் பிரிவும் அந்தக் கூட்டுத்தொகையில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் பருவகாலப் போட்டிகளுக்குக் ‘கார்னிவல்’ என்றே பெயர். டார்ட்மத் கல்லூரியின் குளிர்காலத் திருவிழா 1911இல் தொடங்கியது. பெயரில் திருவிழா இன்றும் இருக்கிறது. ஓடுபவரின் மார்பில் அது எப்போதும் இருப்பதில்லை.

ஒரு மாணவியின் வாரத்தை எண்ணிப் பார்க்கலாம். வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் வேனில் ஏறி மூன்று, நான்கு மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை ஒரு பந்தயம், சனிக்கிழமை மற்றொன்று. பெரும்பாலும் ஒன்று பழைய ‘கிளாசிக்’ முறையில், மற்றொன்று ‘ஃப்ரீஸ்டைல்’ முறையில் நடக்கும். சனி மாலை மீண்டும் வேன். ஞாயிறன்று விடுபட்ட பாடங்களும் ஒப்படைக்க வேண்டிய கட்டுரைகளும் காத்திருக்கும். பருவகாலத்தில் ஒரு மாணவரின் கட்டாயப் பயிற்சியும் போட்டியும் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதே விதிப்படி ஒரு போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே கணக்கில் ஏறும். பயண நேரம் கணக்கிலேயே வராது. விடியற்காலையில் எழுந்து, பலகைகளைச் சோதித்து, உடலைச் சூடேற்றி, ஓடி, மீண்டும் ஓடி உடலைத் தளர்த்தி, மற்றவர்களின் பந்தயம் முடியும்வரை குளிரில் நின்று, அந்தி சாயும்போது விடுதிக்குத் திரும்பும் ஒரு முழு நாள், காகிதத்தில் மூன்று மணி நேரமாகிவிடுகிறது. கடினம் என்ற சொல்லுக்கு முதல் பொருள் இந்தக் கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது பந்தயம். ‘ஸ்கி’ என்ற சொல் பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்தது. அந்த மரத்துண்டு இன்று கார்பன் இழையாக மாறியிருக்கிறது. அதன் கீழே இருக்கும் பனி மட்டும் எந்த ஆய்வகத்துக்கும் முழுமையாக அடங்கவில்லை. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனியின் ஈரத்தையும், மார்கழிக் காலையின் மூட்டத்தையும், இமயத்தின் வெண்மையையும் குறித்துவிடுகிறது. தமிழ்நிலத்துக்கு அவ்வளவு போதும். பந்தயத்துக்கு மெழுகு பூசுபவருக்கோ அது போதாது. நேற்று விழுந்தது, இன்று விழுந்துகொண்டிருப்பது, உருகி மீண்டும் உறைந்தது, இயந்திரத்தால் உண்டாக்கியது என ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனிப் பொருள்.

கிளாசிக் முறையில் பலகையின் நடுப்பகுதி வில் போல் சற்று மேலே வளைந்திருக்கும். ஓடுபவர் ஒரு காலில் முழு எடையையும் ஊன்றும்போது மட்டுமே அப்பகுதி பனியைத் தொடும். அங்கே பூசப்பட்ட பிடிமெழுகு பனிப்படிகங்களைக் கணநேரம் பற்றிக்கொள்ள, அந்தப் பிடியை உதைத்துத்தான் உடல் முன்னே பாய வேண்டும். எடை அகன்றதும் பிடி விட்டுப் பலகை வழுக்கிச் செல்ல வேண்டும். மெழுகு மிகுந்தால் பலகை பனியோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் ஏற்றத்தில் கால் பின்னோக்கி வழுக்கும். கடுங்குளிருக்குப் பச்சை, சற்றுக் குறைந்தால் நீலம், மேலும் குறைந்தால் ஊதா, சிவப்பு என்று மெழுகுகளுக்கு வண்ண வரிசை உண்டு. பழைய, உருகி உறைந்த பனிக்குக் ‘கிளிஸ்டர்’ என்னும் பசை. வெப்பநிலை சரியாகப் பூச்சியம் பாகையை ஒட்டி நின்று, புதுப்பனியும் விழத் தொடங்கினால் தேர்ந்த மெழுகாளரும் தடுமாறுவார். அத்தகைய காலையில், ஆண்டு முழுவதும் உழைத்த ஒருவர் முதல் ஏற்றத்திலேயே கால் வழுக்கிக் கைகளால் மட்டும் தன்னை இழுத்துச் செல்ல நேரிடும். அவருடைய இதயம், நுரையீரல், மனம் எதிலும் குறையில்லை. ஆயினும் முடிவுத்தாளில் அவர் பெயருக்கு எதிரே வரும் எண் அவரை மட்டுமே குறிக்கும்.

தொடக்க வரிசையும் இப்படித்தான். முப்பது நொடிக்கு ஒருவராகப் புறப்படும் பந்தயத்தில் 80 பேர் ஓடினால் முதல்வருக்கும் கடைசியாகக் கிளம்புபவருக்கும் இடையே ஏறத்தாழ 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் வெயில் ஏறித் தடம் இளகலாம். பனி கொட்டித் தடம் மூடலாம். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயத்தில் வேறு வகை ஊழ்: முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவரின் ஊன்றுகோல் முறியும். வறண்ட குளிர்காற்றை ஆண்டுக்கணக்கில் ஆழமாக உள்ளிழுப்பதால் இந்த விளையாட்டில் ஆஸ்துமா மிகுதி என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. தேர்வுக்காலத்தில் விடுதியில் பரவும் சளிக்காய்ச்சலையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் அடுக்குவது ஓடுபவரின் பொறுப்பைக் குறைப்பதற்காக அன்று. ஒரு முடிவு எத்தனை கைகளால் எழுதப்படுகிறது என்பதைக் காட்டுவதற்காகவே. பனி, மெழுகு, வரிசை, கிருமி, வேன், வகுப்பட்டவணை எல்லாம் சேர்ந்து எழுதிய ஒரு வரியின் கீழே ஒரே ஒருவரின் கையெழுத்து வாங்கப்படுகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த விளையாட்டின் அதிகாரப்பூர்வக் கணக்குமுறை இதை நன்றாகவே அறிந்திருக்கிறது. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ‘ஃபிஸ்’ ஒவ்வொரு வீரருக்கும் புள்ளி வழங்குகிறது. நெடுந்தொலைவுப் பிரிவில் அப்புள்ளி, கடந்த பன்னிரண்டு மாதங்களில் அவர் பெற்ற மிகச் சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரியைக் கொண்டே அமைகிறது. அதாவது, இருபத்தைந்து பந்தயங்களில் ஓடிய ஒருவரின் இருபது பந்தயங்களை அந்த முறை மறந்துவிடுகிறது. அதில் இரக்கத்துக்கு இடமில்லை. கணிதமே அப்படிச் செய்கிறது. வெட்டவெளியில் நடக்கும் விளையாட்டில் மோசமான நாள் ஓடுபவரைப் பற்றிச் சொல்லும் செய்தி குறைவு. அவரால் எதுவரை இயலும் என்பதைச் சிறந்த நாள்களே சொல்லும். இந்தத் தெளிவோடுதான் அம்முறை வகுக்கப்பட்டிருக்கிறது. எண்களுக்கே மறதி வாய்த்திருக்கும்போது, மனிதர்கள் மட்டும் ஒவ்வொரு சறுக்கலையும் எடுத்துவைத்து, அதனிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நினைவிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. டார்ட்மத் கல்லூரியில் படித்து ஓடிய ரோஸி பிரென்னனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 2018ஆம் ஆண்டு ஒலிம்பிக் பருவத்தில் சுரப்பிக் காய்ச்சலால் தளர்ந்திருந்த அவர், அப்பருவம் முடிந்ததும் அமெரிக்கத் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். உடல் நலமற்றிருந்த காலத்தின் முடிவுகள் அவருடைய திறமையின் அளவாகவே கொள்ளப்பட்டன. அவர் விலகிப்போய்விடவில்லை. 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஒரே வார இறுதியில் குறுந்தொலைவு, 10 கிலோமீட்டர் ஆகிய இரு உலகக் கோப்பைப் பந்தயங்களையும் வென்றார். ஆனால் பெருந்தொற்றுக் காலமாதலால் நார்வே, சுவீடன், பின்லாந்து அணிகள் அங்கு வரவில்லை. உடனே ‘அவர்கள் வராததால்தானே?’ என்ற கேள்வி எழுந்தது. கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. சூழல் வெற்றியிலும் பங்கு கொள்கிறது. ஆனால் வென்ற நாளில் சூழலை முன்னிறுத்தி மனிதரைச் சிறிதாக்குபவர்கள், தோற்ற நாளில் சூழலை மறந்து மனிதரையே முழுக் காரணமாக்குவது என்ன நியாயம்? 2018இல் காய்ச்சல் ஒரு சாக்கு என்றால், 2020இல் மற்ற அணிகளின் இன்மையும் ஒரு சாக்குத்தான். 2020இல் அது கணக்கில் கொள்ளத்தக்க காரணம் என்றால், 2018இன் காய்ச்சலும் அவ்வாறே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தோல்வியிலிருந்து கற்பதே விளையாட்டின் உயிர் அல்லவா? கற்கத் தேவையில்லை என்றால் பயிற்சியாளர் எதற்கு, பயிற்சிக் குறிப்பேடு எதற்கு? 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் நார்வேயின் சிமென் ஹெக்ஸ்டாட் குரூகர் 30 கிலோமீட்டர் பந்தயம் தொடங்கிய சில நொடிகளிலேயே விழுந்து, ஊன்றுகோல் முறிந்து, எல்லோருக்கும் பின்னால் தள்ளப்பட்டும், இறுதியில் தங்கம் வென்றாரே. மன உறுதி என்று ஒன்று இல்லையா?

உண்டு. ஆனால் குரூகரின் கதையை நிதானமாகப் பார்த்தால் அது வேறொன்றையும் சொல்கிறது. விழுந்த அக்கணத்தில் அவர் தம்மைப் பற்றிய எந்த முடிவுக்கும் வரவில்லை. வர நேரமும் இல்லை. எழுந்தார், புதிய ஊன்றுகோலைப் பெற்றார், இழந்த இடங்களைப் படிப்படியாக மீட்டார். விழுந்ததை அவர் ஒரு நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். பந்தயம் 30 கிலோமீட்டராக இருந்ததால் அந்நிகழ்ச்சியைக் கடக்க இடமும் இருந்தது. அதே விழுதல் மூன்று நிமிடக் குறுந்தொலைவுப் பந்தயத்தில் நேர்ந்திருந்தால், அதே மன உறுதி இருந்தும் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்போது யாரும் அவருடைய மன உறுதியைப் பற்றி நூல் எழுதியிருக்க மாட்டார்கள்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிவது பயன் தரும்: திருத்தம், பாடம். திருத்தம் என்பது செயலைச் சார்ந்தது. இந்த வெப்பநிலைக்கு இந்த மெழுகு பொருந்தவில்லை; இரண்டாவது ஏற்றத்தில் வேகம் மிகுந்துவிட்டது; காலையுணவு போதவில்லை; வியாழன் இரவு தூக்கம் குறைந்தது. இவை குறிப்பேட்டில் எழுதத் தக்கவை. அடுத்த வாரம் மாற்றத் தக்கவை. எழுதி முடித்ததும் மறந்துவிடத் தக்கவை. பாடம் என்று கேட்கப்படுவதோ மனிதரைச் சார்ந்தது. நான் போதிய அளவு பசியோடு இல்லை. வலியைத் தாங்கும் துணிவு எனக்கில்லை. என் கவனம் சிதறிவிட்டது. இவற்றுக்கு அளவுகோலும் இல்லை, முடிவும் இல்லை. தமிழில் ‘பாடம் புகட்டுதல்’ என்றால் தண்டித்தல் என்று பொருள். கற்பித்தலுக்கும் ஒறுத்தலுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் இங்கே கவனிக்கத் தக்கது. தோற்ற மாணவியிடம் ‘என்ன பாடம் கற்றாய்?’ என்று கேட்கும்போது கேட்பவர் எண்ணுவது கற்பித்தலை. கேட்டவர் காதில் விழுவது பெரும்பாலும் ஒறுத்தல்.

பாடத்தைத் தேடும் கட்டாயம் தீங்கற்றதாயின் இதை ஒரு மொழி வழக்காக எண்ணி விட்டுவிடலாம். ஆனால் அது உடலைத் தேடிப் போகிறது. ஏற்றங்களில் எடையைத் தூக்கிச் செல்லும் விளையாட்டில், மெதுவாக ஓடியதற்குத் தன்னிடமே காரணம் தேடும் இருபது வயதுப் பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது எடை. உண்பது குறைகிறது. தொடக்கத்தில் சில வாரங்கள் வேகம் கூடியது போலவும் தோன்றும். பின்னர் மாதவிடாய் நிற்கும், எலும்பு நலியும், நோய் அடிக்கடி வரும், வேகம் மொத்தமாக வீழும். உழைப்புக்கு ஏற்ற ஆற்றல் உடலுக்குக் கிடைக்காத இந்த நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் தனியாக ஒரு பெயரே வகுத்தது. அது பெண்களை மட்டுமன்றி ஆண்களையும் பாதிக்கும் என்றும் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவின் மிகச் சிறந்த நெடுந்தொலைவு வீராங்கனை ஜெசி டிக்கின்ஸ், 2018இல் கிக்கன் ராண்டலுடன் இணைந்து தம் நாட்டுக்கு இவ்விளையாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர், இளமையில் தமக்கிருந்த உணவுச் சீர்குலைவை வெளிப்படையாகப் பேசியவர். 2023இல் அது மீண்டும் தலைதூக்கியதையும் அவர் மறைக்கவில்லை. அந்தப் பருவத்தில் பந்தயத்தைவிட உடல்நலமே முதன்மை என்ற உறுதியோடுதான் களமிறங்கினார். அதே பருவத்தில் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றார். பட்டம் வராமல் போயிருந்தாலும் அந்த முடிவு சரியானதாகவே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிடில் இதுவும் இன்னொரு பாடக் கதையாகிவிடும்.

கல்லூரி அமைப்பின் கட்டமைப்பும் இந்த அழுத்தத்துக்கு உரமிடுகிறது. தேசியச் சாம்பியன் போட்டிக்கு ஒரு கல்லூரி அதிகபட்சம் 12 பேரையே அனுப்பலாம்: ஒவ்வொரு பிரிவிலும் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். நான்காவதாக நிற்பவர் எவ்வளவு வலியவராயினும் வீட்டிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஒரே ஒரு வார இறுதியாக இருக்கும். உதவித்தொகையிலும் நிலை இதுவே. ஓர் அணிக்கு ஆண்களுக்கு 6.3, பெண்களுக்கு 7 என்ற வரம்பே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதைப் பலருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. இந்நிலையில் காய்ச்சலோடு இருக்கும் ஒருவர், ‘ஓட முடியாது’ என்று சொல்வதற்கு எத்தனை முறை யோசிப்பார்? ஓடித் தோற்ற பின் ‘காய்ச்சல்’ என்று சொல்லவும் எத்தனை முறை யோசிப்பார்? சொல்லாமல் விட்டால் அவர் வலிமையற்றவர் எனப்படுவார். சொன்னால் சாக்குச் சொல்பவர் எனப்படுவார். இரண்டுக்கும் நடுவே எஞ்சியிருக்கும் ஒரே வழி, ‘கற்றுக்கொண்டேன்’ என்ற வாக்கியம்.

ஒரே நாளின் தேர்வு ஒருவரின் ஆண்டுகளை முடிவு செய்யும் நாட்டில் வாழ்வோருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டோடு இந்தியாவுக்கு நேரடித் தொடர்பும் உண்டு. பியோங்சாங்கில் 15 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் ஓடிய இராணுவ வீரர் ஜகதீஷ் சிங் 103ஆம் இடம் பெற்றார். வென்றவர் சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யா. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அது ஒரு தோல்விச் செய்தி. பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. பிள்ளைப் பருவம் முதல் பனியில் வளர்ந்த நாடுகளின் வீரர்களோடு, பனிக்காலம் குறுகிய, தடங்கள் மிகச் சிலவே உள்ள ஒரு நாட்டின் வீரர் அத்தடத்தை முடித்தார் என்று வாசித்தால் அது வேறு செய்தி. ஆனால் அந்த இரண்டாவது வாசிப்பையும் ‘ஊக்கமூட்டும் கதை’யாக்கிவிட வேண்டிய அவசியமில்லை. அவர் ஓடினார், முடித்தார், 103ஆவதாக வந்தார். இந்த மூன்று வாக்கியங்களும் தம்மளவில் முழுமையானவை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெய்ஜிங்கில் பின்லாந்தின் ஈவோ நிஸ்கனென் 15 கிலோமீட்டர் கிளாசிக் பந்தயத்தில் தங்கம் வென்றார். வென்ற பின் அவர் உடனே சென்றுவிடவில்லை. கடைசியாக வந்துகொண்டிருந்த கொலம்பியாவின் கார்லோஸ் ஆந்த்ரேஸ் கின்டானாவுக்காக முடிவுக் கோட்டில் காத்திருந்து வரவேற்றார். அந்தக் காட்சி பலரை நெகிழச் செய்தது. நெகிழ்ச்சிக்கு அப்பால் அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: நிஸ்கனென் கின்டானாவிடம் எந்த விளக்கமும் எதிர்பார்க்கவில்லை. குளிரில் நின்றார், கை கொடுத்தார். தோற்றவருக்கு வென்றவர் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

மாற வேண்டியவை எவை? அவை பெரியவை அல்ல; ஆனால் தெளிவானவை. முதலாவது, சாம்பியன் போட்டிக்கான தேர்வில் அண்மைய முடிவுக்கு அல்லாமல் பருவத்தின் சிறந்த சில முடிவுகளுக்கு எடை தரலாம். ஃபிஸ் புள்ளிமுறை அதற்கு வழிகாட்டி. இரண்டாவது, பந்தயக் குறிப்பை மாணவர் தனியே எழுதும் ஒப்புதல் வாக்குமூலமாக வைக்காமல், மெழுகு மேசையில் நின்றவரும் பயிற்சியாளரும் தம் பங்கைத் தம் பெயரிலேயே சொல்லும் கூட்டு ஆவணமாக்கலாம். ‘இன்று பலகைகள் சரியாக அமையவில்லை, அது எங்கள் கணிப்பின் பிழை’ என்று ஒரு பெரியவர் எழுதும் ஒற்றை வரி, பத்து ஊக்க உரைகளைவிட ஒரு மாணவியைக் காக்கும். மூன்றாவது, நோயுற்றவர் ஓடாமல் இருப்பதற்கான உரிமை முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் சுமை அவர்மேல் விழக் கூடாது. நான்காவது, ஒரு மோசமான பந்தயத்துக்குப் பின் முதல் கேள்வி ‘என்ன நடந்தது?’ என்பதாக இராமல் ‘சாப்பிட்டாயா?’ என்பதாக இருக்க வேண்டும். அக்கேள்விக்கான விடை திருத்தத்துக்கு உதவும்; கேட்கும் விதம் மனத்துக்கு உதவும்.

ஐந்தாவது, வாசகர்களைப் பற்றியது. விளையாட்டுச் செய்திகளை வாசிப்போர் கதையை விரும்புகிறார்கள்; கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்படுகிறது; அந்தத் திருப்பத்தைத் தோற்றவரே தம் செலவில் தர வேண்டியிருக்கிறது. இருபது வயதில் ஒருவர் இரு நாள்கள் குளிரில் தம்மால் இயன்றதைச் செய்து, அது போதாமல் போனதைக் கண்டு, வேனின் கடைசி இருக்கையில் தலை சாய்த்து உறங்கியபடி ஊர் திரும்புகிறார். அந்த வார இறுதிக்கு உட்பொருள் ஏதும் இல்லாமலே இருக்கலாம். பனி இளகியிருந்தது, கால் வழுக்கியது, மற்றவர்கள் வேகமாக ஓடினார்கள். அவ்வளவே.

கடினமான நாளைக் கடினமான நாளாகவே விட்டுவிடும் உரிமை, வெல்லும் உரிமையைப் போலவே, விளையாடுபவருக்கு உரியது. திங்கட்கிழமை எழுதப்படும் குறிப்பின் கடைசி வரி காலியாகவே இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியும் இன்னொரு பந்தயம் இருக்கிறது; அன்றைய பனி வேறு.